அம்பல், அலர், அரட்டை

தமிழ்க் கதைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும் எனக்கு நாள் முழுக்க வேலை வைப்பவை பேச்சைச் சுட்டும் வினைகள்தான். ‘முணுமுணுத்தாள்’ என்று எழுதிவிட்டுக் கதாசிரியர் நகர்ந்துவிடுவார். நான் அங்கேயே நின்றுவிடுவேன். வாய் சரியாகத் திறக்காமல் சொல் குழறினால் ஆங்கிலத்தில் மம்பிள். மனத்தாங்கலைத் தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டால் மட்டர். குரல் மட்டும் தாழ்ந்து, சொல்லில் கொஞ்சம் கனிவும் இருந்தால் மர்மர். மருமகளைப் பற்றி அடுப்படியில் மாமியார் முணுமுணுப்பதை மர்மர் என்று போட்டால் அந்த வீட்டில் சண்டையே இல்லை என்றாகிவிடும்!

டெல், சே இரண்டும் நமக்குச் ‘சொல்’தான். ஆனால் டெல் என்றால் பெரும்பாலும் யாரிடம் என்று சொல்லியாக வேண்டும். சே என்பதற்குச் சொன்ன விஷயமே போதும். இதெல்லாம் பழகினால் கைக்கு வந்துவிடும்.

வராதது அரட்டை. மைசூரில் எங்கள் அக்ரஹாரத்தில் வீட்டுக்குள் தமிழ் என்றாலும் வாசற்படி இறங்கினால் கன்னடம். கன்னடக்காரர்களின் ‘ஹரட்டெ’யில் இழுக்கு அவ்வளவாக இல்லை, லகுவான ஒரு கட்டுரை வகையையே அவர்கள் அந்தப் பெயரால் அழைக்கிறார்கள். நம் அரட்டையிலோ ‘வேலைவெட்டி இல்லையா?’ என்ற அதட்டல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலச் சாட்டில் அந்த அதட்டலும் இல்லை, திண்ணையில் சாய்ந்து உட்காரும் சாவகாசமும் இல்லை. காசிப் என்றால் அங்கே இல்லாத ஒருவரின் தலை உருண்டாக வேண்டும்.

அதே மைசூரில் 1929இல் பிறந்த ஏ.கே. ராமானுஜனுக்கு மாடியில் அப்பாவின் ஆங்கிலம், கீழே அம்மாவின் தமிழ், தெருவில் கன்னடம். 1962இல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையில் பழந்தமிழ் இலக்கணம் தேடப் போனவர் கையில், உ.வே.சா. 1937இல் பதிப்பித்த குறுந்தொகை சிக்கியது. அதிலிருந்து 1967இல் ‘தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்’ என்ற அவருடைய ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. தலைவி கூற்று அதில் ‘வாட் ஷீ செட்’; தலைவன் கூற்று ‘வாட் ஹீ செட்’. புலம்பினாள், சீறினாள், கெஞ்சினாள் என்றெல்லாம் தலைப்பில் காட்டிக்கொடுக்கவில்லை. சீற்றமோ கெஞ்சலோ, கவிதைக்குள் போய்த்தான் கேட்க வேண்டும். என் மேஜையில் வினையடைகளை வெட்டும்போதெல்லாம் நான் சாட்சிக்கு அழைப்பது அவரைத்தான்.

ஆனால் எல்லா இடத்திலும் ‘செட்’ கைகொடுக்காது. அகப்பாடல்களில் ஊர்ப்பேச்சுக்கு இரண்டு படி உண்டு. இறையனார் களவியல் உரை அதைப் பிரித்துக் காட்டுகிறது. பேச்சு வெளிப்படாமல் மொட்டாக இருக்கும் நிலை அம்பல். இன்னாருக்கும் இன்னாருக்கும் இப்படியாம் என்று விளங்கப் பேசுவது அலர். அலருக்கு காசிப், ரூமர், ஸ்கேண்டல் என்று ஆள் கிடைக்கும். அம்பலுக்கு விஸ்பர் என்று போட்டால் காதோரம் யாரோ எதையோ சொல்லிவிட்டதாக ஆகிவிடுகிறது. இன்றைய கதையில் குழாயடிக்கு நாயகி வந்ததும் இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு குடத்தைச் சாய்க்கிறார்களே, அதற்கு ஆங்கிலத்தில் வினை தேடாமல் அந்தப் பார்வையை அப்படியே எழுதிவிடுவது என் வழக்கம்.

குறுந்தொகை எட்டாம் பாட்டின் துறைக்குறிப்பு இன்னும் படுத்துகிறது. மனைவி தன்னைப் புறங்கூறினாள் என்று பரத்தை கேள்விப்படுகிறாள். பதிலை மனைவியிடம் நேரில் சொல்லவில்லை. அவளுக்கு வேண்டியவர்கள் காதில் விழும்படி சொல்கிறாள். புறங்கூறியதற்கு பேக்பைட் உண்டு. பரத்தை பேசியதற்கு ‘செட்’ தாராளமாகப் போதும், ராமானுஜன் வழியே சரி. அந்த வேண்டியவர்களை எவ்வளவு தள்ளி நிறுத்துவது என்பதில்தான் எனக்கு நேரம் போகிறது. ரொம்பக் கிட்ட நிறுத்தினால் அது நேரடிச் சண்டை. ரொம்பத் தள்ளி நிறுத்தினால் சொன்னது மனைவிக்குப் போய்ச் சேராது.