வரப்பில்லாக் கடலில் ஒரு தீவு

மணியாச்சிக் கரிசலில் எல்லைக்கல் ஒரு சாண் நகர்ந்தால் வழக்கு மூளும். அவ்வூரிலிருந்து மதுரை வழியே இராமேசுவரம் சென்று, கச்சத்தீவுத் திருவிழாவுக்குப் படகேறினோம்.

கடலில் எல்லைக்கல் ஏது? 1974-ஆம் ஆண்டின் இந்திய இலங்கை ஒப்பந்தம் வகுத்த கோடு, 285 ஏக்கர் கொண்ட அத்தீவின் மேற்குக் கரைக்கு ஒரு மைல் அப்பால் செல்கிறது. இராமநாதபுரம் ஜமீன் உரிமையைக் காட்டிய வாதம் எடுபடவில்லை, தீவு இலங்கையதாயிற்று. மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே பயண ஆவணமின்றி வந்துபோகலாம் என்று அதில் எழுதினர். 1976-இல் கைமாறிய கடிதங்களோ நம்மவர் அங்கு மீன்பிடிப்பதைத் தடுத்தன.

குடிநீரற்ற அத்தீவில், புனித அந்தோணியார் ஆலயத்தில், இருகரைத் தமிழரும் அருகருகே முழந்தாளிட்டோம். திருப்பலி முடிந்ததும் முதிய மீனவர் ஒருவர் கேட்டார்: "கும்பிட வரலாம், பிழைக்க வரக்கூடாதா, ஐயா?"

ஊர் திரும்பி எல்லைக்கல்லைக் காணும்போதெல்லாம் அக்கேள்வியே நம் நெஞ்சை உறுத்துகிறது.