அட்டையில் வந்தவர்களும் வராதவரும்

நம் இல்லங்களில் பழைய செபப் புத்தகம் ஒன்றைப் பிரித்தால் பக்கங்களுக்கிடையிலிருந்து சிறு படங்கள் உதிரும். புதுநன்மை நினைவுப் படம், குருப்பட்ட நினைவுப் படம், ஓரம் மடிந்த அந்தோனியார் படம். ஏறக்குறைய அதே அளவிலான அட்டைப் படங்கள் அமெரிக்கச் சிறுவர்களின் சட்டைப் பைகளில் நூறாண்டுகளுக்கு மேலாகக் குடியிருந்து வந்துள்ளன. முன்புறம் பேஸ்பால் வீரர் ஒருவரின் உருவம். பின்புறம் அவர் ஆண்டுதோறும் ஆடிய ஆட்டங்களின் கணக்கு, பொடி எழுத்தில்.

பிழைப்பின் பொருட்டுப் பிட்ஸ்பர்க் நகருக்கு வந்து சேர்ந்த எனக்கு, இவ்விளையாட்டின் விதிகள் முழுவதும் விளங்குவதற்கு முன்பே இந்த அட்டைகள் பிடித்துப்போயின. ஞாயிறு திருப்பலி முடிந்து திரும்பும் வழியில், பழைய பொருள் விற்கும் சந்தையில் ஒன்று இரண்டாக வாங்கத் தொடங்கினேன். விலை உயர்ந்தவை என்னிடம் இல்லை. முனை மழுங்கியவை, மைக்கறை படிந்தவை, சைக்கிள் சக்கரத்தில் படபடவென்று ஒலிக்கச் செருகப்பட்டுக் கிழிந்தவை, இவையே என் செல்வம். ஒவ்வோர் அட்டையையும் கையிலெடுத்து, அந்த எண்களுக்குப் பின்னால் வாழ்ந்த மனிதனைத் தேடிப்போவதுதான் என் வழக்கம்.

தொடக்கத்தில் இவை சிகரெட் பெட்டிக்குள் வந்தன. மெல்லிய பெட்டி நசுங்காமலிருக்கவும், வாங்கியவர் மீண்டும் வாங்கவும் புகையிலைக் கம்பெனிகள் கண்ட வழி அது. 1909 முதல் 1911 வரை வெளியான வரிசையொன்றைச் சேகரிப்போர் டி-206 என்பர். அப்பெயரைத் தந்தவர் ஜெபர்சன் பர்டிக், சிராக்கியூஸ் நகரத் தொழிற்சாலையொன்றில் வேலை செய்தவர். மூட்டுவாதத்தால் விரல்கள் முடங்கிய நிலையிலும், தாம் சேர்த்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளையும் தாள்களையும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு அளித்து, அங்கேயே அமர்ந்து ஏடுகளில் ஒட்டினார். 1963 சனவரியில் அப்பணியை முடித்தார், மார்ச்சில் இறந்தார். சேகரிப்பவன் எவனும் ஒருமுறையேனும் வணங்கத்தக்க மனிதர் அவர் என்பேன்.

அந்த டி-206 வரிசையில்தான் ஹோனஸ் வாக்னர் வருகிறார். எங்கள் ஊருக்கு அருகிலுள்ள கார்னகியில், செர்மானியக் குடியேறியவர்களின் குடும்பத்தில் பிறந்தவர். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்காக ஆடி, எட்டு முறை லீகின் தலைசிறந்த மட்டையாளர் என்ற பெயர் எடுத்தவர். 1936இல் பேஸ்பால் புகழ்மண்டபம் முதன்முதலாகத் தேர்ந்த ஐவருள் ஒருவர். தம் படத்தை அச்சிட வேண்டாம் என்று அவர் மறுத்துவிட்டதால் சில பிரதிகளே வெளிவந்தன. சிறுவர்கள் படத்துக்காகப் புகையிலை வாங்குவதை அவர் விரும்பவில்லை என்பர் பலர். பணம் தராததே காரணம் என்பாரும் உண்டு. அவரே புகையிலை மெல்லும் பழக்கமுடையவர் என்பதால், முதல் கதையை நான் அவ்வளவு எளிதில் நம்புவதில்லை. எது எப்படியாயினும், வேண்டாம் என்று அவர் சொன்ன அட்டையின் ஒரு பிரதி 2022இல் 72.5 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று.

நம் வாசகர்களுக்குச் சுவையான செய்தியொன்றும் உண்டு. அந்த அரிய அட்டைகளுள் ஒன்று, மறைந்த அருட்சகோதரி ஒருவருடைய உடன்பிறந்தாரின் உயில்வழியாகப் பால்டிமோரிலுள்ள நாத்தர்தாம் பள்ளிச் சகோதரிகள் சபைக்கு வந்தது. 2010இல் அவர்கள் அதை ஏலத்தில் விட்டார்கள். மூன்று புறம் வெட்டுப்பட்டு, மடிப்பு விழுந்து, பிளாஸ்டிக் உறையிடப்பட்ட அவ்வட்டைக்கு இரண்டு லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது. பல நாடுகளில் அவர்கள் ஆற்றும் ஏழையர் பணிக்கு அது சென்றது.

வாக்னர் 1955 டிசம்பரில் இறந்தார். அதே ஆண்டு ஏப்ரலில்தான் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து இருபது வயது இளைஞர் ஒருவர் பைரேட்ஸ் அணியில் இறங்கியிருந்தார். பெயர் ரொபெர்த்தோ கிளெமெந்தே. 1955, 1956ஆம் ஆண்டு அட்டைகளில் அவர் பெயர் ரொபெர்த்தோ என்றே இருக்கிறது. 1957 முதல் 1969 வரை டாப்ஸ் கம்பெனி அவரை ‘பாப் கிளெமெந்தே’ என்று அச்சிட்டது. அமெரிக்க நாவுக்கு எளிதாயிருக்கட்டும் என்ற எண்ணம் போலும்! அப்பெயரை அவர் விரும்பவில்லை. பெற்றோர் இட்ட பெயரை நாலெழுத்துக்காரர்கள் தங்கள் வசதிக்குச் சுருக்குவதன் வலி, புலம்பெயர்ந்த தமிழருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

என்னிடமுள்ள 1962ஆம் ஆண்டு அட்டையில், மரப்பலகை போன்ற சட்டத்துக்குள் அவர் நிற்கிறார். அச்சிட்ட ‘பாப்’ என்பதை யாரோ ஒரு சிறுவன் நீல மையால் அடித்து, மேலே கோணல்மாணலாக ‘ரொபெர்த்தோ’ என்று எழுதியிருக்கிறான். விற்றவர் வெட்கத்தோடு ஒரு டாலருக்குத் தந்தார். எழுத்துப்பட்ட அட்டைக்குச் சந்தையில் மதிப்பில்லையாம். என் வீட்டில் தீப்பிடித்தால் நான் முதலில் எடுப்பது அதைத்தான்.

1972 செப்டம்பர் 30ஆம் நாள் கிளெமெந்தே தம் 3,000ஆவது ஹிட்டை அடித்தார். டிசம்பர் 23ஆம் நாள் நிகரகுவாவின் மனாகுவா நகரை நிலநடுக்கம் சிதைத்தது. முன்பு அனுப்பிய உதவிப் பொருள்கள் உரியவர்களைச் சேரவில்லை என்று கேள்விப்பட்டு, தாமே உடன் செல்வதென முடிவு செய்தார். ஆண்டின் இறுதி இரவில், அளவுக்கு மீறிப் பாரமேற்றிய அவ்விமானம் சான் ஹுவான் கரையை விட்டு எழுந்ததும் கடலில் வீழ்ந்தது. உடல் கிடைக்கவேயில்லை. 1973ஆம் ஆண்டு அட்டை வரிசையில் அவருடைய படமும் வந்தது. அவ்வட்டைகளைச் சிறுவர்கள் பிரித்தபோது அவர் இவ்வுலகில் இல்லை. பின்புறக் கணக்கில் ஹிட்டுகள் சரியாக 3,000. ஒன்று கூடவுமில்லை, குறையவுமில்லை.

என் ஏட்டில் ஒரு பக்கத்துக்கு ஒன்பது உறைகள். இவ்விருவருக்கும் நடுவில் ஓர் உறையை வெறுமையாக விட்டிருக்கிறேன். அது ஜாஷ் கிப்சனுக்கு உரியது. அவரும் இவ்வூர்க்காரரே, தந்தை உருக்காலைத் தொழிலாளி. கறுப்பர் என்பதால் பெரிய லீகின் கதவுகள் அடைக்கப்பட்டிருந்தன. ஹோம்ஸ்டெட் கிரேஸ், பிட்ஸ்பர்க் கிராஃபோர்ட்ஸ் ஆகிய கறுப்பர் அணிகளில் ஆடினார். சூயிங்கம்முடன் அட்டை விற்ற அமெரிக்கக் கம்பெனிகள் அவர் ஆடிய காலத்தில் அவரை அச்சிடவில்லை. 1947 சனவரி 20ஆம் நாள், முப்பத்தைந்தாம் வயதில் இறந்தார். மூன்று மாதங்கள் கூட ஆகவில்லை. ஏப்ரல் 15ஆம் நாள் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணியில் களமிறங்கினார்.

2024 மே மாதத்தில் கறுப்பர் லீகுகளின் கணக்குகளும் பெரிய லீகின் ஏட்டில் சேர்க்கப்பட்டன. வாழ்நாள் மட்டைச் சராசரியில் டை காபின் .367ஐக் கடந்து, .372 என்ற எண்ணுடன் கிப்சன் முதலிடம் பெற்றார். பிற்காலத்தில் அச்சிட்ட அவருடைய அட்டைகள் கடைகளில் நிறையக் கிடைக்கின்றன. என் மகன் ஒன்றை வாங்கி வந்து, “அப்பா, அந்த உறையில் இதை வைக்கலாமே” என்றான். வேறு பக்கத்தில் வைத்தேன்.

கிப்சனின் கல்லறை அலெகெனி கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. 1975 வரை அங்கே பெயர் பொறித்த கல் கூட இல்லை. சென்ற நவம்பரில், இறந்தோரை நினைவுகூரும் மாதத்தில், மகனோடு போய்ப் பார்த்தேன். தரையோடு பதித்த சிறு கல். யாரோ அதன்மேல் பழைய பந்து ஒன்றை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மழையில் நனைந்து தையல் விட்டிருந்தது. மகன் அதை நகர்த்தாமல் சுற்றிலுமிருந்த இலைகளை மட்டும் கையால் ஒதுக்கினான்.