கங்கைக் கரையில் இரண்டு பாய்கள்

"மூச்சை வெளியே விடுங்கள். இன்னும். இன்னும் கொஞ்சம்" என்கிறார் ஆசிரியர், ஆங்கிலத்தில். காலை ஆறரை மணி. ரிஷிகேஷில் தபோவன் என்று பெயர் கொண்ட பகுதியில், ஒரு விடுதியின் மொட்டை மாடியில் தகரக் கூரை வேய்ந்த கூடம். இருபது ரப்பர் பாய்கள். நாலைந்து ஜெர்மானியர்கள், பிரேஸில் நாட்டு இளம் தம்பதி, கொரியாவிலிருந்து வந்த நர்ஸ் ஒருவர். கடைசி வரிசையில் சுவரோரப் பாய் என்னுடையது. இருபது வருடங்களாக நாற்காலியில் உட்கார்ந்து ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கியதில் என் முதுகு கேள்விக்குறியாக வளைந்துபோயிருந்தது. மாத்திரை எழுதிக்கொடுத்த தில்லி டாக்டர், "பத்து நாள் எங்காவது போய் யோகா செய்யுங்கள்" என்றார். சென்ற அக்டோபரில் அப்படித்தான் இங்கே வந்தேன். உண்ணாவிரதங்களைப் பற்றி எழுதும் உத்தேசம் எதுவும் இல்லை.

ரிஷிகேஷில் யோகா ஒரு தொழில். இதைக் குறையாகச் சொல்லவில்லை. இங்கே பல ஆயிரம் குடும்பங்களுக்கு அதுதான் சோறு போடுகிறது. 'இருநூறு மணி நேர ஆசிரியர் பயிற்சி' என்ற பலகை இல்லாத சந்து அபூர்வம். விக்ரம் என்று அழைக்கப்படும் பெரிய ஷேர் ஆட்டோக்களில் சுருட்டிய பாயை முதுகில் கட்டிக்கொண்டு வெள்ளைக்காரர்களும், கங்கை நீருக்குப் பிளாஸ்டிக் கேன்களுடன் பீகார் யாத்ரீகர்களும் இடித்துக்கொண்டு பயணம் செய்கிறார்கள். 1968ல் பீட்டில்ஸ் பாடகர்கள் தங்கியிருந்த மகேஷ் யோகியின் ஆசிரமம் வெகுநாள் காடு மண்டிக் கிடந்து, 2015ல் மீண்டும் திறக்கப்பட்டது. இப்போது கட்டணம் செலுத்தி உள்ளே போகலாம்.

ஆனால் உலகம் ரிஷிகேஷைத் தேடி வருவதற்கு முன்பே ஒரு தமிழர் இங்கே வந்து சேர்ந்திருந்தார். திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் 1887ல் பிறந்து, மலாயாவில் டாக்டராக இருந்து, 1924ல் ரிஷிகேஷுக்கு வந்து துறவு பூண்ட சிவானந்தர். 1936ல் அவர் தொடங்கிய தெய்வ நெறிக் கழகத்தின் ஆசிரமம் ராம் ஜூலா பாலத்தின் அருகே படிப்படியாக மலை மேல் ஏறுகிறது. அங்கே நூலக வாசலில் நான் தமிழ்ப் பத்திரிகை ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு சாது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"பாளையங்கோட்டை, சாமி. இப்போ தில்லி."

"அப்பம் பத்தமடைப் பாய் தெரியும்லா? எங்க குருநாதர் பாய் நெய்யுற ஊர்லேர்ந்து வந்தவரு. இன்னைக்கு உலகம் பூரா பாயை விரிக்கு. பாயில ஏறுமுன்ன செய்ய வேண்டியதை மட்டும் விட்டுட்டாவ."

பதஞ்சலி சொன்ன எட்டு அங்கங்களில் ஆசனம் மூன்றாவது. முதல் இரண்டும் யமமும் நியமமும். அஹிம்சை, சத்தியம், பிறர் பொருளுக்கு ஆசைப்படாமை, தவம் எல்லாம் அவற்றில் அடக்கம். "மொத ரெண்டு படியைத் தாண்டி மூணாம் படியில குதிச்சு ஏறுதாவ. முதுகு வலிக்கத்தான் செய்யும்" என்று என் முதுகைப் பார்த்துச் சிரித்தார். பிறகு அவராகவே சொன்னார்: சிவானந்தருக்குப் பின் ஆசிரமத் தலைவரான சிதானந்தர் எழுபதுகளில் மலைக் கிராமங்களில் நடந்தே போய், மரங்களைக் கட்டியணைத்து நின்ற சிப்கோ போராட்டக்காரர்களை வாழ்த்திவிட்டு வந்தார் என்று. "அதுவும் யோகந்தான் தம்பி."

மறுநாள் வகுப்பு முடிந்தபின் ஆசிரியரிடம் சிப்கோ பற்றிக் கேட்டேன். முப்பது வயது கட்வாலி இளைஞர். "எங்கள் வீடு ஏரிக்கடியில் இருக்கிறது ஸார்" என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. பழைய டெஹ்ரியைச் சொல்கிறார். ஞாயிறன்று பாட்டியைப் பார்க்கப் போவதாகவும், விருப்பமிருந்தால் நானும் வரலாம் என்றும் அழைத்தார்.

நரேந்திர நகர், சம்பா வழியாக மூன்று மணி நேரப் பஸ் பயணம். திடீரென்று ஒரு வளைவில் கீழே பச்சை நிறத்தில் தண்ணீர் தெரிந்தது. 260 மீட்டர் உயரத்துக்கு பகீரதியின் குறுக்கே எழுப்பப்பட்ட டெஹ்ரி அணை, இந்தியாவிலேயே உயரமானது. 2005ல் தண்ணீர் ஏறி, பகீரதியும் பிலங்கனாவும் கூடும் இடத்தில் இருந்த பழைய நகரத்தை மூழ்கடித்தது. முழுதாகவோ பகுதியாகவோ பாதிக்கப்பட்ட கிராமங்கள் நூற்றுக்கு மேல். 2006ல் மின் உற்பத்தி தொடங்கியது.

இந்த அணைக்கு எதிராகத்தான் சுந்தர்லால் பகுகுணா தன் வாழ்க்கையின் பிற்பகுதியைச் செலவிட்டார். அணை எழும்பிக்கொண்டிருந்த இடத்தின் அருகே, பகீரதிக் கரையில் ஒரு தகரக் குடிலில் மனைவி விமலாவுடன் பல ஆண்டுகள் வாழ்ந்தார். 1995ல் 45 நாள் உண்ணாவிரதம்; மறுபரிசீலனை செய்வதாகப் பிரதமர் நரசிம்ம ராவ் தரப்பில் உறுதி தரப்பட்டது. 1996ல் மறுபடி 74 நாள். தேவே கௌடா அரசு நிபுணர் குழு ஒன்றை அமைத்தது. குழுக்கள் அறிக்கை தந்தன. அணையும் உயர்ந்துகொண்டே வந்தது.

புது டெஹ்ரியில், அரசு ஒதுக்கிய வீட்டுத் திண்ணையில் பாட்டி வெயில் காய்ந்துகொண்டிருந்தார். வயது எண்பதைத் தாண்டியிருக்கும். தர்ணாவில் பகுகுணாவின் பக்கத்தில் உட்கார்ந்தவர். அவர் பேசும் கட்வாலியைப் பேரன் இந்தியில் சொல்ல, என் மனம் வழக்கம்போல் அதைத் தமிழாக்கிக்கொண்டது.

"அவர் படுத்திருப்பார். நாங்கள் சுற்றி உட்கார்ந்து பாடுவோம். வீட்டுக்குப் போனதும் எனக்குச் சாப்பாடு இறங்காது. படுத்தவர் எழுந்துவிட்டால் போதும், அணை வந்தாலும் வரட்டும் என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். அதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது."

எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார். தில்லி என்றேன்.

"அப்படியானால் எங்கள் ஊர்த் தண்ணீரைத்தான் குடிக்கிறாய்" என்றார். குரலில் கோபம் இல்லை. உறவுக்காரனை விசாரிப்பதுபோல் இருந்தது.

அவர் சொன்னது உண்மை. டெஹ்ரியில் தேக்கப்படும் நீரில் விநாடிக்கு 300 கன அடி தில்லிக்கு ஒதுக்கப்பட்டது. அது கால்வாயில் முராத்நகர் வந்து, அங்கிருந்து குழாய்களில் சோனியா விஹார் சுத்திகரிப்பு நிலையத்தை அடைந்து, கிழக்கு தில்லிக்கும் தெற்கு தில்லியின் சில பகுதிகளுக்கும் போகிறது. நான் குடியிருக்கும் மயூர் விஹார் கிழக்கு தில்லியில் இருக்கிறது. தமிழர்கள் நிறைந்த காலனி. காலையில் குழாயில் தண்ணீர் வராவிட்டால் முதலில் சத்தம் போடுகிறவர்களில் நானும் ஒருவன்.

ஆசிரியரின் தம்பி அதே ஏரியில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறார். அணை இல்லாவிட்டால் அந்த வேலை இல்லை. "பாட்டி அழுகிற தண்ணீரில்தான் தம்பி சம்பாதிக்கிறான். நான் என்ன சொல்ல?" என்றார் ஆசிரியர். திரும்பும் வழியில் ஒரு யோசனையும் சொன்னார். "ஹரித்வாரில் கன்கல் போய்ப் பாருங்கள். இதெல்லாம் பழைய கதை இல்லை என்று தெரியும்."

ரிஷிகேஷிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் கீழே ஹரித்வார். அதன் ஓரத்தில் கன்கல். கங்கைக் கரையில் மாமரங்களுக்கு நடுவே மாத்ரி சதன் ஆசிரமம். இங்கே வருகிறவர்களிடம் ரப்பர் பாய் இல்லை. ஆற்றுப் படுகையில் கல்லும் மணலும் வெட்டுவதை எதிர்த்து இந்த ஆசிரமத்துத் துறவிகள் இருபது ஆண்டுகளுக்கு மேலாக உண்ணாவிரதம் இருந்துவருகிறார்கள். ஒருவர் முடித்தால் இன்னொருவர் தொடங்குவது வழக்கம்.

2011 பிப்ரவரி 19ல் அப்படி உட்கார்ந்தவர் சுவாமி நிகமானந்தர். முப்பதுகளில் இருந்த இளைஞர். நினைவிழந்த நிலையில் டேராடூன் அருகே ஜாலி கிராண்ட் மருத்துவமனையில் கிடந்தார். அந்த ஜூனில் தில்லி ராம்லீலா மைதானத்தில் யோகா முகாமுக்கு என்று அனுமதி பெற்று, கறுப்புப் பணத்துக்கு எதிராக உண்ணாவிரதம் தொடங்கிய யோகா குரு ராம்தேவ், நள்ளிரவில் போலீஸாரால் வெளியேற்றப்பட்டார். உண்ணாவிரதத்தைத் தொடர்ந்த அவரும் பிறகு அதே மருத்துவமனையில்தான் சேர்க்கப்பட்டார். டெலிவிஷன் வண்டிகள் வாசலில் வரிசை கட்டி நின்றன. ஜூன் 12ல் ராம்தேவ் பழரசம் அருந்தினார். 13ம் தேதி நிகமானந்தர் இறந்தார். அப்படி ஒருவர் உள்ளே இருந்தார் என்பதே நாட்டில் பலருக்கு அதற்குப் பின்தான் தெரிந்தது.

இரண்டாவது சம்பவத்தில் எனக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. 2018 ஜூன் 21, சர்வதேச யோகா தினம். அந்த ஆண்டின் பிரதான நிகழ்ச்சி டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவன வளாகத்தில் நடந்தது. பிரதமருடன் சுமார் ஐம்பதாயிரம் பேர் பாய் விரித்து ஆசனம் செய்தார்கள். அந்தச் செய்தியை அன்று மொழிபெயர்த்தவன் நான். 'பாய்க் கடல்' என்று தலைப்புக்கு ஒரு யோசனைகூடச் சொன்னதாக ஞாபகம்.

மறுநாள், ஜூன் 22. அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் தள்ளி, இதே மாமரங்களுக்கு அடியில் 85 வயது மனிதர் ஒருவர் உண்ணாவிரதத்தைத் தொடங்கினார். பேராசிரியர் ஜி.டி. அகர்வால். பெர்க்லியில் டாக்டர் பட்டம் பெற்றவர், கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் முதல் உறுப்பினர் செயலர். 2011ல் துறவு பூண்டு சுவாமி ஞானஸ்வரூப் ஸானந்த் ஆனார். கங்கையின் மேல்பகுதியில் நீர்மின் திட்டங்களை நிறுத்த வேண்டும், ஆற்றைக் காக்கத் தனிச் சட்டம் வேண்டும் என்பவை அவருடைய முக்கிய கோரிக்கைகள். பிரதமருக்குக் கடிதங்கள் எழுதினார். அக்டோபரில் அரசு ஆற்றில் ஓட வேண்டிய குறைந்தபட்ச நீரின் அளவை அறிவித்தது. அவர் கேட்டது அதைவிட அதிகம். தண்ணீரையும் நிறுத்தினார். 111வது நாள், அக்டோபர் 11ல், ரிஷிகேஷ் எய்ம்ஸ் மருத்துவமனையில் இறந்தார்.

ஜூன் 22ம் தேதிச் செய்தி என் மேஜைக்கு வந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். வந்திருக்கலாம். இடமில்லை என்று நானே ஒதுக்கியிருக்கலாம். அக்டோபரில் அவர் இறந்தபோது மொழிபெயர்த்தேன். அதற்கு இடம் கிடைத்தது.

"இப்படிச் சாவதால் என்ன பயன்?" என்று ஆசிரமத்தில் இருந்த இளம் பிரம்மச்சாரியிடம் கேட்டேன். கேள்வி கடுமையாகத்தான் விழுந்தது. அவர் சிரித்துவிட்டு, கணக்குச் சொன்னார். அகர்வாலின் முந்தைய உண்ணாவிரதங்களுக்குப் பின் 2010ல் பகீரதி மீதான 600 மெகாவாட் லோஹாரிநாக் பாலா திட்டம் கைவிடப்பட்டது. 2012ல் கோமுகத்திலிருந்து உத்தரகாசி வரை நூறு கிலோமீட்டர் ஆற்றுப் பள்ளத்தாக்கு பாதுகாக்கப்பட்ட சூழல் மண்டலமாக அறிவிக்கப்பட்டது. "அந்த நூறு கிலோமீட்டரும் ஓடுகிறது அல்லவா?" அகர்வால் இறந்த சில நாட்களில் அவருடைய கோரிக்கைகளோடு கேரளத்தைச் சேர்ந்த ஆத்மபோதானந்தர் என்ற இளைஞர் உட்கார்ந்ததையும், 194 நாளுக்குப் பின் 2019 மே மாதம் உயிரோடு எழுந்ததையும் நினைவூட்டினார். உண்ணாவிரதத்தை அவர்கள் 'அன்ஷன்' என்பதில்லை. 'தபஸ்யா' என்றுதான் சொல்கிறார்கள்.

தமிழ் படித்தவனுக்கு இந்த இடத்தில் கோப்பெருஞ்சோழன் ஞாபகம் வராமல் போகாது. அவன் வடக்கிருந்தது மானத்துக்காக. யாரிடமும் அவன் எதையும் கேட்கவில்லை. கன்கலில் இருந்தவர்கள் கேட்டார்கள். யாராவது காது கொடுப்பார்கள் என்று நம்பினார்கள். வள்ளுவர் தவத்துக்குச் சொல்லும் இலக்கணம் இரண்டே: தனக்கு வந்த துன்பத்தைப் பொறுப்பது, பிற உயிருக்குத் துன்பம் செய்யாதிருப்பது. இரண்டையும் இவர்கள் கடைப்பிடித்தார்கள். சாது சொன்ன முதல் இரண்டு படிகளும் எங்கே இருக்கின்றன என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆனாலும் பாட்டியின் சாப்பாடு இறங்காத இரவுகளும் கூடவே நினைவுக்கு வருகின்றன. ஒருவர் பட்டினி கிடந்தால்தான் நமக்குக் காது கேட்கும் என்றால், குறை அவருடைய தவத்தில் இல்லை.

கடைசி நாள் வகுப்பில் சவாசனம். கைகால்களைத் தளர்த்தி, பிணம்போல் படுத்திருக்க வேண்டும். பத்து நிமிடம். கொரிய நர்ஸ் தூங்கியே போனார். அங்கிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில்தான் எய்ம்ஸ் இருக்கிறது. அகர்வால் தன் உடலையும் அந்த மருத்துவமனைக்கே எழுதிவைத்திருந்தார். 2021 மே 21ல் கொரோனாவால் 94 வயதில் பகுகுணா உயிர் நீத்ததும் அங்கேதான். ஆசிரியர் மெதுவாக, "இப்போது கண்களைத் திறக்கலாம்" என்றார். நான் எழுந்து பாயைச் சுருட்டினேன். முதுகு வலி நிஜமாகவே குறைந்திருந்தது.

மயூர் விஹாருக்குத் திரும்பிய மறுநாள் விடியற்காலை, குழாயில் தண்ணீர் வந்தது. எதிர் வீட்டு மாமி, "என்ன தம்பி, யோகாவெல்லாம் எப்படி?" என்று விசாரித்தார். நன்றாக இருந்தது என்றேன். வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. ஓடிப்போய்க் குழாயை மூடினேன்.