75க்கும் 90க்கும் இடையில்

புனேயில் டீசல் எரிதல் குறித்து ஆய்வு செய்கிறேன் என்று யாரிடமாவது சொன்னால், அடுத்து வரும் கேள்வி இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். ஆய்வுலகத்தைச் சேர்ந்தவர்கள் "இன்னுமா டீசல்?" என்பார்கள். கார் வைத்திருப்பவர்கள் "பெட்டி போட்டால் எவ்வளவு ஏறும்?" என்பார்கள். முதல் கேள்விக்கு என் நெறியாளரே இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கிறார். இரண்டாவதற்கு ஒற்றை வரியில் விடை சொல்ல இயலாது என்பதால் இந்த நீண்ட பதிவு. கொஞ்சம் கணக்கு வரும். மாணவ நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரே ஓர் எஞ்சினை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 1248 சி.சி. கொள்ளளவுள்ள 1.3 லிட்டர் மல்டிஜெட். ஃபியட்டும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து உருவாக்கியது. 2003இல் ஐரோப்பாவில் வெளிவந்தது. இந்தியாவில் ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்டோ, லீனியா, எர்டிகா, செவர்லே செயில் என ஒன்றோடொன்று போட்டியிட்ட கார்களின் முன்மூடியைத் திறந்தால் உள்ளே இருந்தது இந்த ஒரே எஞ்சின்தான். பெயர்கள் மட்டும் வேறு. 'தேசிய எஞ்சின்' என்று வாகன ஆர்வலர்கள் வேடிக்கையாக இதற்குப் பெயர் வைத்தார்கள். மாருதிக்காக இது மானேசரில் உரிமத்தின்பேரில் தயாரானது. ஃபியட்டும் டாட்டாவும் கூட்டாக நடத்திய தொழிற்சாலை, புனேயிலிருந்து அகமதுநகர் சாலையில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ராஞ்சன்காவில் இருந்தது. ராஞ்சன்காவ் அஷ்டவிநாயகத் தலங்களுள் ஒன்று. எங்களைப் போன்றவர்களுக்கு அவ்வூரில் வணங்குமிடங்கள் இரண்டு.

இந்த எஞ்சின் இங்கே முதன்மையாக இரண்டு நிலைகளில் விற்றது. ஸ்விஃப்ட்டில் நிமிடத்துக்கு 4000 சுழற்சியில் 75 குதிரைத்திறன். 2000 சுழற்சியில் 190 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. எர்டிகாவில் அதே 4000 சுழற்சியில் 90 குதிரைத்திறன். 1750 சுழற்சியில் 200 நியூட்டன் மீட்டர். கொள்ளளவு ஒன்று, குடும்பம் ஒன்று, குதிரைகள் மட்டும் 15 வேறுபடுகின்றன. "கம்பெனிக்காரன் 15 குதிரையை மென்பொருளில் பூட்டி வைத்திருக்கிறான், நாங்கள் திறந்துவிடுகிறோம்" என்பது பெட்டி விற்பவர்களின் வாதம். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது.

ஆனால் திறனை முறுக்குவிசையாகத் திருப்பிக் கணக்கிட்டுப் பாருங்கள். 4000 சுழற்சியில் 75 குதிரைத்திறன் என்றால் ஏறத்தாழ 132 நியூட்டன் மீட்டர். 90 என்றால் 158. ஆக, உச்ச முறுக்குவிசையில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 5 விழுக்காடுதான். 4000 சுழற்சியிலோ 20 விழுக்காடு. முதல் எஞ்சினுக்கு மேலே போகப்போக மூச்சு வாங்குகிறது. இரண்டாவதற்கு அவ்வளவு வாங்குவதில்லை. காரணம் டர்போ. 75இல் இருப்பது நிலையான வடிவுள்ள டர்போ. 90இல் இருப்பதில் டர்பைனைச் சுற்றியுள்ள சிறு தகடுகள் அசையும். குறைந்த வேகத்தில் வழியைக் குறுக்கிக் காற்றோட்டத்தை விரைவாக்கும், உயர்ந்த வேகத்தில் வழியை அகலத் திறக்கும். அந்த 15 குதிரைகள் பெரும்பாலும் இரும்பில் இருக்கின்றன. மென்பொருளில் தேடினால் கிடைக்காது.

டீசல் எஞ்சினில் ஆக்ஸிலரேட்டர் நேரடியாக ஆள்வது எரிபொருளை. காற்று வருகிறவரைக்கும் வரும். அதற்கு ஏற்ப எவ்வளவு டீசலைத் தெளிப்பது என்பதுதான் கேள்வி. ஒரு கிராம் டீசல் முற்றாக எரியச் சுமார் 14.5 கிராம் காற்று போதும் என்று பாடநூல் சொல்லும். ஆனால் சில ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிக்குள் தெளித்து, ஆவியாக்கி, கலந்து, எரிக்க வேண்டிய சிலிண்டருக்குள் அந்தக் கலவை ஒருபோதும் முழுமையாவதில்லை. நடைமுறையில் 18 கிராமுக்குக் கீழே இறங்கினால் கரி பிறக்கத் தொடங்கும். ஆகவே எஞ்சினின் கட்டுப்பாட்டுக் கணினிக்குள் 'இவ்வளவு காற்றுக்கு இதற்குமேல் டீசல் கூடாது' என்று ஓர் அட்டவணை உண்டு. அதைப் புகை வரம்பு என்போம். அதோடு கியர்பாக்ஸும் கிளட்சும் தாங்கும் முறுக்குவிசைக்கு ஒரு வரம்பு, டர்பைனுக்குள் நுழையும் புகைவளியின் வெப்பத்துக்கு ஒரு வரம்பு, உயரமான இடங்களில் டர்போ அளவுமீறிச் சுழலாதிருக்க ஒரு வரம்பு. ஓட்டுநர் பெடலை மிதிப்பது ஒரு விண்ணப்பம் மட்டுமே. இத்தனை வரம்புகளில் எது மிகக் குறைவோ, அதுதான் அனுமதிக்கப்படும். பல்கலைக்கழகத்தில் பயணப்படிக் கோப்பு நகர்த்தியவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதன்று.

இப்போது பெட்டிக்கு வருவோம். இந்த எஞ்சினில் டீசல் எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பொதுவான ஒரு குழாயில், 1600 பார் வரை அழுத்தத்தில் காத்திருக்கும். அந்த அழுத்தத்தை ஓர் உணரி அளந்து கணினிக்குச் சொல்லும். மலிவான ட்யூனிங் பெட்டி அந்த உணரிக்கும் கணினிக்கும் நடுவில் உட்கார்ந்து, அழுத்தத்தைக் குறைத்துச் சொல்கிறது. கணினி அதை நம்பி அழுத்தத்தை ஏற்றுகிறது. இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் மாறாததால் கூடுதல் டீசல் உள்ளே போகிறது. தெளிக்கப்படும் அளவு, அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப உயரும். 10 விழுக்காடு கூடுதல் டீசல் வேண்டுமானால் அழுத்தம் 21 விழுக்காடு ஏற வேண்டும். பம்பும் இன்ஜெக்டர்களும் அதைச் சுமக்கின்றன.

எனக்கு உறுத்துவது சுமை மட்டுமில்லை. புகை வரம்பைக் கணக்கிடும் கணினி, தான் தெளித்ததாக நம்பும் அளவைக் கொண்டே கணக்கிடுகிறது. அந்த அளவு இப்போது பொய். அட்டவணை அப்படியே இருக்கிறது, ஒரு வரியும் மாறவில்லை. ஆனால் அது வேறொரு எஞ்சினைக் காத்துக்கொண்டிருக்கிறது. ஆய்வேட்டின் முடிவுரையைத் தொடாமல் தரவை மட்டும் திருத்துகிறவரை நாம் என்ன பெயரிட்டு அழைக்கிறோமோ, அந்தப் பெயரை இந்தப் பெட்டிக்கும் தயங்காமல் தருவேன்.

ரீமேப் என்னும் முறை இதைவிட நேர்மையானது. கணினியின் அட்டவணைகளையே வெளியே எடுத்து, தெரிந்து, திருத்தி, மீண்டும் எழுதுகிறார்கள். நல்ல கையில் 10 முதல் 20 விழுக்காடு கூடுதல் திறன் கிடைப்பது உண்மை. நிறுவனங்கள் இடைவெளி விட்டுத்தான் வைக்கின்றன என்பதும் உண்மை. அந்த இடைவெளி யாருக்காக விடப்பட்டது என்பதே கேள்வி. இதே கார் சென்னையின் மே மாத வெயிலில் நெரிசலில் நிற்கும். மகாபலேஸ்வரத்துக்கு ஏறும், அங்கே உயரம் சுமார் 1350 மீட்டர், காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவு. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும். மூன்றாவது கையில் இருக்கும். சிலிண்டருக்குள் உச்ச அழுத்தம் 150 பார் என்று வைத்துக்கொண்டால், 69.6 மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்தச் சின்னப் பிஸ்டனின் தலையில் ஏறத்தாழ 5.8 டன் இறங்குகிறது. 2000 சுழற்சியில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் நிமிடத்துக்கு ஆயிரம் முறை. இந்த எண்ணை ஒரு விழுக்காடு கூட்ட யோசிப்பவர், முதலில் தன் மடிக்கணினியை மூடிவிட்டுச் சற்று நடந்து வரலாம்.

கட்கியில் எங்கள் தெருவில் ஓர் அண்ணாச்சி இருக்கிறார். கோவில்பட்டிப் பக்கம் ஊர். புனேக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல். 75 குதிரைத்திறன் டிசையர் ஒன்றைப் பழையதாக வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறார். 2,40,000 கிலோமீட்டர் கடந்த வண்டி. சவாரி பெரும்பாலும் பஞ்ச்கனி, மகாபலேஸ்வரம். "தம்பி, கம்பட்கி காட்டுல அஞ்சு பேரை ஏத்திட்டு ஏ.சி. போட்டா, ரெண்டாம் கியர்ல வண்டி செத்துப் போவுது. பெட்டி ஒண்ணு இருக்காமே, பதினஞ்சாயிரம் கேக்கான். போட்டுரலாமா?" என்று கேட்டார். பதினைந்தாயிரம் அவருக்குச் சிறிய தொகையன்று. மகளின் கல்லூரிப் பருவக் கட்டணத்துக்கு முன்னால் வைத்து எடை போட்டுத்தான் கேட்கிறார் என்பது எனக்குத் தெரியும்.

"எத்தனையாவது சுழற்சியில அண்ணாச்சி சாகுது?" என்றேன்.

"அதெல்லாம் யாரு பாத்தா? வேகத்தடைல ஏறி இறங்குனா, திருப்பி எந்திரிக்க மாட்டேங்கு."

அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் நோய் முழுவதும் இருந்தது. 75 எஞ்சின் 1800 சுழற்சிக்குக் கீழே சோம்பல் படும். டர்போ இன்னும் சுழன்று எழுந்திருக்காது. அங்கே இல்லாதது காற்று. பெட்டி கொண்டுவருவது டீசல். காற்றில்லாத இடத்தில் டீசலைக் கூட்டினால் பின்னால் வருகிறவர் முகத்தில் கரி விழும், வண்டி எழுந்திருக்காது. பெட்டியின் பலன் தெரியப்போவது 2000க்கு மேலேதான். அங்கே அண்ணாச்சிக்குக் குறையே இல்லை. கிளட்ச் வழுக்கப் போவதும் அங்கேதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் வண்டியை விட்டோம். டர்போவிலிருந்து காற்றைக் கொண்டுபோகும் ரப்பர் குழாயின் இணைப்பில் எண்ணெய் கசிந்த தடம் இருந்தது; கிளாம்ப் தளர்ந்து, அழுத்தக் காற்று வெளியேறிக்கொண்டிருந்தது. புகைவளியைத் திரும்ப உள்ளே அனுப்பும் இ.ஜி.ஆர். வால்விலும் உள்ளிழுப்புக் குழாயிலும் விரல் கனத்துக்குக் கரி. குழாயை மாற்றி, கரியை எடுத்து, ஏர் ஃபில்டரைப் புதிதாக்கினார்கள். பெட்டியின் விலையில் பாதிகூட ஆகவில்லை. அடுத்த வாரம் வாய் போய்வந்த அண்ணாச்சி, "பரவால்ல தம்பி, எந்திரிக்கு" என்றார். வேகத்தடைச் சோம்பல் முழுதும் தீரவில்லை, அது பிறவிக்குணம். எர்டிகாக்காரர் தன்னை மலையில் முந்துவதில் அவருக்கு இன்னும் வருத்தம் உண்டு.

பெட்டி விற்பவர்கள் "பி.யூ.சி. சோதனையில் ஒன்றும் வராது" என்கிறார்கள். அவர்கள் சொல்வது ஓரளவு சரி என்பதுதான் சங்கடம். டீசல் காருக்கான அந்தச் சோதனை, வண்டியை நியூட்ரலில் நிறுத்தி ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்து, புகை ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்று பார்ப்பது, பி.எஸ். 4 வண்டிக்கு வரம்பு மீட்டருக்கு 1.62. நைட்ரஜன் ஆக்சைடுகளை அது அளப்பதே இல்லை. டீசலைச் சற்று முன்கூட்டித் தெளித்தால் எரிதல் சூடேறும், புகை குறையும், திறன் கூடும். நைட்ரஜன் ஆக்சைடு ஏறும். இ.ஜி.ஆரை அடைத்தாலும் அதேதான். ஆக, கெட்டிக்கார ரீமேப் ஒன்று சோதனைச் சாவடியில் முன்னைவிடத் தூய்மையான வண்டியாகத் தோற்றம் தரக்கூடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் மூலக்குறிப்புகளிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. ஆனால் கணினிக்குள் இருக்கும் அட்டவணையைச் சாலையோரத்தில் யார் படிப்பது?

இதைத் தனிமனிதர்களின் குறும்பாக மட்டும் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. உலகம் கண்ட மிகப் பெரிய கள்ள ட்யூனிங்கைச் செய்தது ஒரு தயாரிப்பு நிறுவனமே. 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வேகனின் டீசல் மென்பொருள் அமெரிக்காவில் அம்பலமானது. இங்கே அதை ஆராயும் பொறுப்பு, அந்நிறுவனத்தின் சாக்கன் தொழிற்சாலை இருக்கும் இதே புனேயில் உள்ள இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கத்துக்கு வந்தது. எங்களூர்க்காரர்கள் காலைநடை போகும் வேதாள் குன்றுக்கே 'ஏ.ஆர்.ஏ.ஐ. டேக்டி' என்று பெயர் வரக் காரணமான நிறுவனம் அது. ஆய்வகத்தில் ஒழுங்காக இருந்த கார்கள், சாலையில் ஓட்டியபோது பி.எஸ். 4 வரம்பைப் போல 1.1 முதல் 2.6 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளியிட்டன. அவ்வாண்டு டிசம்பரில் ஏறத்தாழ 3.23 லட்சம் வண்டிகளை மென்பொருள் திருத்தத்துக்குத் திரும்ப அழைப்பதாக நிறுவனம் அறிவித்தது. சாலையில் அளப்பது விதியாகவே மாறியது 2023 ஏப்ரலில்.

மல்டிஜெட் அதற்கு முன்பே போய்விட்டது. டீசல் காருக்கான நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு கிலோமீட்டருக்கு 0.25 கிராமிலிருந்து 0.08க்கு இறங்கிய 2020 ஏப்ரலோடு, இந்தியாவில் அதன் கதை முடிந்தது. பி.எஸ். 6 டீசல் வைத்திருப்பவர்கள் என்னிடம் பெட்டியைப் பற்றிக் கேட்டால், கரிவடிகட்டி எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்கிறது என்று முதலில் குறித்துவரச் சொல்கிறேன். கூடுதல் கரி முதலில் போய்ச் சேருமிடம் அது. ரீமேப்தான் வேண்டும் என்பவர்கள், சக்கரத்திறன் வரைபடத்தோடு 4000 சுழற்சியில் புகைவளி வெப்பத்தின் பதிவையும் கேட்டு வாங்குங்கள். தர மறுப்பவரிடம் வண்டியைத் தர வேண்டாம்.

முதுநிலை மாணவர் யாருக்கேனும் திட்டப்பணித் தலைப்பு தேவைப்பட்டால் ஒன்று இருக்கிறது: ஒரே டிசையர், ஒரே ஓட்டுநர், கம்பட்கி ஏற்றம், பெட்டியோடு பத்து முறை, பெட்டியில்லாமல் பத்து முறை, எடுத்துச் செல்லத்தக்க உமிழ்வுமானி ஒன்று பின்னால். வண்டிக்கு நான் பொறுப்பு. மானியை யாரிடம் இரவல் கேட்கலாம் என்பதை உள்பெட்டியில் சொல்கிறேன்.