மைனாவின் சொந்தக் குரல்

எங்கள் கடைக்கு வருபவர்களுக்கு முதலில் ஸலாம் சொல்வது வாப்பா அல்ல. கடை வாசலில் தொங்கிய கூண்டுக்குள் இருந்த மைனாதான் முந்திக்கொள்ளும். "அஸ்ஸலாமு அலைக்கும், வாங்க" என்று அது சொன்னதும் புதிதாக வந்தவர்கள் ஆள் எங்கே என்று தேடுவார்கள். அதைக் கேட்பதற்காகவே தோட்டத்துப் பிள்ளைகள் ஒரு தீப்பெட்டி வாங்க மூன்று பேராக வருவார்கள்.

யட்டியாந்தோட்டையிலிருந்து கித்துல்கலைக்குப் போகும் வீதியில், றப்பர் தோட்டத்துக்கு ஏறும் சந்தியொன்றில் எங்கள் கடை இருக்கிறது. கடையைத் தொடங்கியவர் என் மூத்தவாப்பா. ஒன்பது வருடங்களுக்கு முன் தோட்டத்துப் பையன் ஒருவன் மரப்பொந்திலிருந்து எடுத்த மைனாக் குஞ்சொன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தான். மூத்தவாப்பா அவனுக்கு ஓர் இறாத்தல் பாணும் கொஞ்சம் காசும் கொடுத்து அதை வாங்கினார். வாழைப்பழமும் பப்பாசியும் ஊட்டி வளர்த்தார். நான்கு வருடங்களுக்கு முன் அவர் மௌத்தானார். ஆனால் அவருடைய குரல் எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. பின்னேரம் நான்கு மணியளவில் மைனா, "புள்ள, தேத்தண்ணி!" என்று உள்ளே பார்த்துக் கூப்பிடும். வாப்பும்மாவை மூத்தவாப்பா அப்படித்தான் கூப்பிடுவார். அதே இழுப்பு, அதே கரகரப்பு. வாப்பும்மா ஒவ்வொரு நாளும் அந்தக் குரல் கேட்டு எழும்பித்தான் கேத்தலை அடுப்பில் வைப்பார்.

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த மாதங்களில்தான் பறவைகள் பற்றிய வேலை என்னிடம் வந்தது. கித்துல்கலையில் இயற்கை வழிகாட்டியாக வேலை செய்யும் சிங்கள அண்ணா ஒருவர், ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பறவைகளைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க விரும்பினார். அவருக்குத் தமிழ் வராது. பிள்ளைகளுக்குச் சிங்களம் அவ்வளவாக வராது. கடைப் பிள்ளையான எனக்கு இரண்டும் வரும். பறவைகளைப் பற்றித்தான் ஒன்றும் தெரியாது. "தெரியாதவர்தான் நல்லது, பிள்ளைகளோடு சேர்ந்து கேட்பீர்கள்" என்றார் அவர். உம்மாவும் கூட வருவதென்ற நிபந்தனையில் வாப்பா சம்மதித்தார்.

எங்கள் வகுப்பறை தோட்டத்துப் பிள்ளை மடுவம். முதல் நாளிலேயே ஒன்று விளங்கியது. நாங்கள் சொல்லிக்கொடுக்கப் போன பல விடயங்கள் அந்தப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தன. லயத்துக்குப் பின்னால் கூட்டமாகக் கத்திக்கொண்டு திரிவது புலுனி. குரோட்டன் வேலியில் கூடு கட்டுவது கொண்டைக்குருவி. ஐப்பசியளவில் இந்தியாவிலிருந்து வந்து, காலையும் மாலையும் ஆறு மணிக்குக் கூப்பிடுவது ஆறுமணிக் குருவி. பால் வெட்டும் அம்மா ஒருவர், "அது சத்தம் போட்டா எங்களுக்கு மணிக்கூடு வேணாம்" என்றார். அவர்களிடம் இல்லாதது ஒன்றுதான். தாம் அறிந்திருப்பது அறிவு என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

அண்ணா எங்களுக்கு எண்ணும் முறையைக் கற்றுத் தந்தார். ஓரிடத்தில் பதினைந்து நிமிடம் பேசாமல் நிற்க வேண்டும். கண்டதையும் கேட்டதையும் எழுத வேண்டும். எத்தனை என்று தெரிந்தால் எண்ணிக்கை, தெரியாவிட்டால் "தெரியாது" என்றே எழுத வேண்டும். இப்படி எழுதியவற்றை அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகம் 2002 முதல் நடத்தும் ஈபேர்ட் என்னும் தரவுத்தளத்தில் சேர்க்கலாம். உலகெங்கும் சாதாரண மக்கள் எழுதும் பட்டியல்கள் அங்கே சேர்கின்றன. எந்தப் பறவை எங்கே குறைகிறது என்பதை ஆய்வாளர்கள் அவற்றிலிருந்து கண்டறிகிறார்கள். நமது நாட்டில் இந்த வழக்கத்தைப் பரப்பியவற்றுள் இலங்கைக் களப் பறவையியல் குழுவும் ஒன்று. 1976இல் தொடங்கிய அந்தக் குழு கொழும்புப் பல்கலைக்கழகத்தைத் தளமாகக் கொண்டு இயங்குகிறது. இதற்குப் பெரிய படிப்போ விலையுயர்ந்த கருவியோ தேவையில்லை. கொப்பி ஒன்றும் பொறுமையும் போதும்.

"கேட்டதையும்" எழுதச் சொன்னது எனக்கு முதலில் விசித்திரமாக இருந்தது. காணாமல் எப்படி நம்புவது? அதற்கு அண்ணா சொன்ன கதை எங்கள் ஊருக்கே உரியது. 1995இல் தீபால் வாரகாகொட என்னும் பறவையியலாளர் கித்துல்கலைக் காட்டில் இரவில் ஒரு குரலைக் கேட்டார். அவருக்குத் தெரிந்த எந்த ஆந்தையின் குரலும் அதுவல்ல. அந்தக் குரலை அவர் விடவில்லை. ஆறு வருடங்கள் கழித்து, 2001 ஜனவரி 23ஆம் திகதி, சிங்கராஜ வனத்தில் அந்தப் பறவையைக் கண்ணால் கண்டார். செம்பழுப்பு நிறத்தில் மிகச் சிறிய ஆந்தை. 2004இல் அது உலகுக்குப் புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. 1970களில் சிங்கராஜவில் மரம் வெட்டுவதை எதிர்த்துப் போராடிய திலோ ஹொப்மனின் நினைவாக அதன் விஞ்ஞானப் பெயர் அமைந்தது. அந்தப் போராட்டம் நடந்திருக்காவிட்டால் 1988இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட அந்த வனம் இன்று எப்படி இருந்திருக்குமோ! தேயிலையும் றப்பரும் போக எஞ்சிய காடுகளுக்குள், ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பெயரில்லாமல் ஒரு குரல் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. கேட்க ஒருவர் நின்றதால்தான் அதற்குப் பெயர் கிடைத்தது.

அதன் பிறகு நானும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒரு ஞாயிறு காலை, தோட்டத்தின் மேல் எல்லையில், காடு தொடங்கும் இடத்தில் எண்ணிக்கொண்டிருந்தோம். திடீரென்று உயரத்திலிருந்து நீண்ட, கூர்மையான விசில் சத்தம் ஒன்று கேட்டது. பதிலுக்கு வேறொரு மரத்திலிருந்து இன்னொன்று. இறக்கையில் வெள்ளைத் திட்டுத் தெரிய இரண்டு கறுப்புப் பறவைகள் பள்ளத்தைக் கடந்து பறந்தன.

"அது என்ன?" என்று கேட்டேன்.

"சலலிஹினியா" என்றார் அண்ணா. மலை மைனா.

அவர் தொலைநோக்கியைத் தந்து, பிடரியில் உள்ள மஞ்சள் தோல்மடிப்பைப் பார்க்கச் சொன்னார். நமது நாட்டில் மலை மைனா இரண்டு வகை. ஒன்று தென்னிந்தியாவிலும் உண்டு. அதற்குக் கண்ணுக்குக் கீழேயும் மஞ்சள் மடிப்பு இருக்கும். மற்றது இலங்கைக்கு மட்டுமே உரியது. அதற்குப் பிடரியில் மட்டும்தான். நான் பார்த்தது இரண்டாவது வகை. எங்கள் கடை வாசலில் தொங்குவதும் அதுவே. ஒன்பது வருடங்கள் அதன் பிடரியைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த விசிலை ஒரு நாளும் கேட்டதில்லை. எங்கள் மைனாவுக்கு ஸலாம் தெரியும், தேத்தண்ணி தெரியும், வாப்பாவின் இருமல்கூடத் தெரியும். தன் சொந்தக் குரல் மட்டும் அதற்குத் தெரியாது. அதைக் கற்றுக்கொடுக்கத் தாய் பக்கத்தில் இருக்கவில்லை.

இதை நான் வீட்டில் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு மடுவத்தில் வழமைபோல மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரவினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தைப் பற்றி அண்ணா சொன்னார். நமது நாட்டுக்கே உரிய பறவைகளைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம் என்று நான் தமிழில் சொன்னேன். முன் வரிசையில் இருந்த சிறுமி ஒருத்தி கையை உயர்த்தினாள்.

"அக்கா, அப்ப ஒங்க கடையில இருக்கிற மைனாவ ஏன் கூண்டுல போட்டு வச்சிருக்கீங்க?"

அவள் குறை சொல்லக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அண்ணா என்னைப் பார்த்தார். அவருக்கு அந்தக் கேள்வியை நான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. என் வாழ்க்கையில் மிகக் கடினமான மொழிபெயர்ப்பு அதுதான்.

அன்றிரவு வாப்பாவிடம் பேசினேன். அவர் கோபப்படவில்லை. "மகள், அபூ உமைர் ரலியல்லாஹு அன்ஹு சின்ன வயசில ஒரு குருவி வெச்சிருந்தாங்க. நபியவங்க அதத் தடுக்கல்ல. நாங்களும் சாப்பாடு தண்ணி குடுத்து நல்லாத்தானே பாக்கிற" என்றார். அவர் சொன்னது உண்மைதான். அந்தச் சிறுவரின் குருவி இறந்தபோது நபி (ஸல்) அவர்கள் அவரைத் தேற்றியதை நானும் படித்திருக்கிறேன். எனக்கு உடனே பதில் வரவில்லை. காட்டில் இருக்க வேண்டியது காட்டில் குறைந்துகொண்டு போகிறது, அதனால்தான் சட்டம் போட்டிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். வாப்பாவுக்கு இன்னொரு பயமும் இருந்தது. நாமே போய்ச் சொன்னால் வழக்குப் போடுவார்களோ? வாப்பும்மா ஒன்றும் பேசவில்லை. எழும்பி அறைக்குள் போய்விட்டார். நான் கேட்பது ஒரு பறவையை அல்ல, அவருடைய ஒவ்வொரு பின்னேரத்தையும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேட்டிருக்கவே கூடாதோ என்று இரவெல்லாம் அழுதேன்.

நான் இனி மடுவத்துக்கு வரமாட்டேன் என்று உயிரியல் ஆசிரியைக்குத் தொலைபேசியில் சொன்னேன். கூண்டில் பறவை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை எப்படிப் பிறருக்குச் சொல்வது? ஆசிரியை சாலிம் அலியின் கதையைச் சொன்னார். 1896இல் பம்பாயில் பிறந்தவர் அவர். சிறுவனாக இருந்தபோது விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் கழுத்தில் மஞ்சள் நிறம் இருந்ததால் அது என்ன குருவி என்று மாமாவிடம் கேட்டார். மாமாவுக்கும் தெரியாமல், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பிவைத்தார். அங்கிருந்த செயலாளர் அந்தப் பையனை ஏசவில்லை; அலுமாரி அலுமாரியாகப் பறவைகளைக் காட்டினார். பிற்காலத்தில் இந்தியாவின் பறவைகளைப் பற்றி உலகுக்குச் சொன்னவர் அந்தப் பையன்தான். "அவர் தொடங்கின இடத்தை விட நீங்க தொடங்கின இடம் மோசமில்ல மகள்" என்றார் ஆசிரியை.

மூன்று நாட்கள் சென்றன. நான்காம் நாள் பின்னேரம் மைனா கூப்பிட்டது. வாப்பும்மா தேத்தண்ணி ஊற்றி எடுத்துக்கொண்டு வந்து கூண்டுக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்தார். வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"சின்னதில நான் ஒனக்கு ஒரு கத செல்லித் தந்தேன், நினைவிருக்கா? ஸஹாபாக்கள் ஒரு குருவிட குஞ்சுகள எடுத்த. தாய்க்குருவி வந்து றெக்கைய அடிச்சிக்கொண்டு நிண்ட. குஞ்சுகளத் திருப்பிக் குடுங்க எண்டு நபியவங்க செல்லிட்டாங்க. நான் ஒனக்குச் செல்லிப்போட்டு, நானே மறந்து போன."

"வாப்பும்மாக்கு மூத்தவாப்பாட குரல்..." என்று தொடங்கினேன்.

"போன்ல புடிச்சி வெக்கேலாதா?" என்றார்.

பிடித்து வைத்தேன். நாற்பது வினாடிகள். நடுவில் ஒரு லொறிச் சத்தமும் இருக்கிறது.

கூண்டைத் திறந்துவிட்டால் போதும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது தவறு என்று அண்ணா விளக்கினார். குஞ்சிலிருந்து கையால் வளர்ந்த பறவைக்கு இரை தேடவும் தெரியாது, பூனைக்குப் பயப்படவும் தெரியாது. திறந்துவிடுவது கொல்வதற்குச் சமம். வனசீவராசிகள் திணைக்கள அதிகாரிகளிடம் ஒப்படைப்பதே முறை. வாப்பாவும் நானும் கூண்டைத் துணியால் மூடி எடுத்துச் சென்றோம். போகும் வழியெல்லாம் துணிக்குள்ளிருந்து அது ஸலாம் சொல்லிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு முறையும் வாப்பா மெதுவாகப் பதில் சொன்னார். அதிகாரி விபரங்களை எழுதிக்கொண்டார். தாமாகக் கொண்டுவந்ததற்கு நன்றி சொன்னார். அது மறுபடி காட்டில் வாழுமா என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அந்தப் பதில் இன்றும் என்னை உறுத்துகிறது. ஒன்பது வருடங்களுக்கு முன் பொந்திலிருந்து எடுத்ததை எங்களால் முழுமையாகத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

ஆனால் மடுவத்தில் ஒன்று மாறியது. மைனாவைக் கொடுத்துவிட்டோம் என்று கேள்விப்பட்ட பிள்ளைகள் தாமாகவே ஒரு இரகசியத்தைச் சொன்னார்கள். ஓடைக்கரையில் பட்டுப்போன மரமொன்றின் பொந்தில் வருடாவருடம் மைனா குஞ்சு பொரிக்கிறதாம். மைனாவால் தானாகப் பொந்து குடைய முடியாது. இருக்கும் பொந்தைத்தான் அது தேடும். வரிசையாக நட்ட றப்பர் மரங்களுக்கிடையில் அப்படியொரு மரம் கிடைப்பது அரிது. அந்த மரம் விறகுக்கு வெட்டப்பட இருந்தது. பிள்ளைகள் இருபத்திரண்டு பேர் கையெழுத்திட்ட கடிதத்தோடு துரையிடம் போனோம். இந்த வருடம் வெட்டுவதில்லை என்று சொல்லியிருக்கிறார். அடுத்த வருடமும் போகவேண்டி வரும், இன்ஷா அல்லாஹ்.

கல்லூரி விடுமுறையில் போன மாதம் வாப்பும்மாவையும் ஓடைக்கரை வரை கூட்டிப்போனேன். கல்லில் உட்கார்ந்து பதினைந்து நிமிடம் பேசாமல் இருந்தார். அவருக்கு அது பெரிய காரியம். பட்ட மரத்தின் உச்சியில் ஒன்று வந்திருந்து விசிலடித்தது. பள்ளத்துக்கு அப்பாலிருந்து மற்றது பதில் சொன்னது.

"என்ன செல்லுது?" என்று கேட்டார் வாப்பும்மா.

"தெரியா வாப்பும்மா. அதுட பாஷ."

"செல்லட்டும்" என்றார்.

நான் கொப்பியில் எழுதினேன்: மலை மைனா, இரண்டு.