முற்றுப்புள்ளிக்கு முன்னா, பின்னா?

எழுதிப் பிழைக்கிறவனுக்குக் கவலைகளுக்குப் பஞ்சமே கிடையாது. கதாநாயகியைக் கடைசி அத்தியாயத்தில் சாகடிப்பதா, கல்யாணம் செய்து வைப்பதா என்பது ஒரு கவலை. இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லும் வாசகர்களுக்கு என்ன பதில் எழுதுவது என்பது இன்னொரு கவலை. இப்போது புதிதாக ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. கைபேசியில் ஒரு வரி எழுதி, கூடவே ஒரு சிரித்த முகத்தையும் அனுப்புகிறோமே, எமோஜி என்று அதற்குப் பெயர், அந்த முகத்தை முற்றுப்புள்ளிக்கு முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா? அல்லது முற்றுப்புள்ளியை எழுப்பிவிட்டு அதன் ஆசனத்திலேயே உட்கார வைத்துவிடுவதா?

"இதுவும் ஒரு விசாரமா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சற்றுப் பொறுங்கள். ஒரு புள்ளியின் இடத்தை வைத்து மனிதர்கள் மனத்தாங்கல் கொள்ளும் காலம் இது.

சிரிப்பை எழுத்தில் காட்டுவது எப்படி என்ற கஷ்டம் இன்று நேற்று வந்ததல்ல. 1580களில் ஹென்றி டென்ஹாம் என்ற லண்டன் அச்சுக்காரர், பதிலை எதிர்பாராமல் கேட்கும் கேள்விகளுக்கென்று கேள்விக்குறியையே திருப்பிப் போட்டு அச்சிட்டார். 1899இல் அல்காந்தர் த பிராம் என்ற பிரெஞ்சுக்காரர் கிண்டலுக்கென்று தனிக் குறி ஒன்றைக் கொண்டுவந்தார். இரண்டும் நிலைக்கவில்லை. பிறகு 1982 செப்டம்பர் 19ஆம் தேதி, அமெரிக்காவில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் ஃபால்மன் ஒரு யோசனை சொன்னார். வேடிக்கையாக எழுதியதைச் சிலர் நிஜமென்று நம்பிக் குழம்பியதால் வந்த யோசனை அது. முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி ஆகிய மூன்றையும் வரிசையாகப் போட்டு, தலையைச் சாய்த்துப் பாருங்கள், சிரிக்கும் என்றார். நிறுத்தக்குறிகளே கூடிச் சிரித்த முதல் நாட்களில் அது ஒன்று!

ஜப்பானில் 1999இல், டோகோமோ நிறுவனத்துக்காக ஷிகெடாகா குரிடா 176 சின்னங்களை அமைத்துக் கொடுத்தார். ஒவ்வொன்றும் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு, மொத்தம் 144 புள்ளிகளுக்குள் அடங்கிய சித்திரம். 2016இல் நியூயார்க் நவீனக் கலைக்கூடம் அவற்றைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. எமோஜி என்ற பெயரில் உணர்ச்சி ஏதும் இல்லை என்பது வேடிக்கை. ஜப்பானிய மொழியில் 'எ' என்றால் படம். 'மோஜி' என்றால் எழுத்து. பட எழுத்து, அவ்வளவுதான்.

நம் தமிழுக்கு இது தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. ஓலைச்சுவடி எழுதிய நம் முன்னோர்கள் காற்புள்ளியும் அறியார்கள், கேள்விக்குறியும் அறியார்கள். அப்படியும் படித்தவர்களுக்குப் பொருள் விளங்கிற்று. காரணம், நம் மொழி தன் குறிகளைச் சொல்லின் வாலிலேயே கட்டி வைத்திருக்கிறது. 'வந்தானா' என்றால் கேள்வி. 'வந்தானோ' என்றால் ஐயம். 'வந்தானே' என்றால் உறுதி. 'வந்தானாம்' என்றால் யாரோ சொல்லக் கேட்டது. ஓரெழுத்தில் இத்தனை ஜாலம்! ஆனால் சிரிப்புக்கு மட்டும் ஒரு விகுதி இல்லை. 'நீ பெரிய கெட்டிக்காரன்' என்ற வரி புகழ்ச்சியா, குத்தலா? அதைக் குரலும் முகமும்தான் சொல்ல வேண்டும். தொல்காப்பியர் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகளைச் சொன்னார். மெய்யிலே படுவது மெய்ப்பாடு. கடிதத்துக்கு மெய் ஏது? அந்தக் குறையைத்தான் இந்தப் பொம்மை முகங்கள் நிரப்ப வந்திருக்கின்றன.

ஆகவே, எங்கே வைப்பது என்ற கேள்விக்கு வருவோம்.

முகம், முழு வாக்கியத்துக்கும் உரியதானால் முற்றுப்புள்ளிக்குப் பின்னால், சற்று இடம் விட்டு வைப்பதே அழகு என்பது என் கட்சி. மனிதன் பேச்சை முடித்துவிட்டுத்தான் புன்னகை செய்கிறான். வாக்கியத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் உரியதானால் அந்தப் பகுதியின் பக்கத்திலேயே, காற்புள்ளிக்கு முன்னால் இருக்கட்டும். 'மாமா உடம்பு தேறிவிட்டார், மாமி ஊருக்குப் போய்விட்டாள்' என்று எழுதி, கடைசியில் ஒரு சிரித்த முகத்தை வைத்துப் பாருங்கள்! மாமி போன சந்தோஷமாகவே அது படும். அதே முகத்தை 'தேறிவிட்டார்' என்பதன் அருகில் வைத்தால் குடும்பத்தில் சமாதானம் நிலைக்கும்.

சொல்லுக்குப் பதிலாகவே படம் வந்தால் அது வாக்கியத்தின் அங்கம். புள்ளிக்கு முன்னால்தான் வர வேண்டும். ஆனால் காபிக் கோப்பையின் படத்தைப் போட்டு அதன் பின்னால் 'க்கு' என்று வேற்றுமை உருபை ஒட்டுகிறார்களே, அதைப் பார்த்தால் இலக்கண ஆசிரியர்களுக்கு அழும் முகம்தான் மிஞ்சும். அடைப்புக்குறிக்குள் எழுதும்போது முகத்தை உள்ளேயே வைத்துப் பிறகு கதவைச் சாத்த வேண்டும். ஃபால்மனின் பழைய முகம் அடைப்புக்குறியிலேயே முடிவதால், சிரிப்பு முடிந்ததா, அடைப்பு முடிந்ததா என்ற மயக்கம் வரும் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

புள்ளியே வேண்டாம், முகமே போதும் என்கிறார்கள் இளைஞர்கள். அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. 2015இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், அமெரிக்காவின் பிங்காம்டன் பல்கலைக்கழகத்தார் 126 மாணவர்களிடம் சில பதில்களைப் படிக்கக் கொடுத்தார்கள். கைபேசிச் செய்தியில் முற்றுப்புள்ளி வைத்து முடித்த பதில், புள்ளியில்லாததைவிடச் சற்று மனப்பூர்வம் குறைந்ததாக அவர்களுக்குப் பட்டது. கையால் எழுதிய சீட்டில் அந்த வித்தியாசம் தென்படவில்லை. தூர தேசத்திலிருந்து மகள் 'சரி.' என்று புள்ளி வைத்து எழுதினால், இங்கே தாய்க்குத் தூக்கம் போய்விடுகிறது. புள்ளி ஒரு கதவடைப்பாகக் கேட்கிறது. நண்பர்களுக்குள் முகம் புள்ளியின் வேலையைப் பார்த்துவிட்டுப் போகட்டும். ஆனால் கேள்விக்குறியை மட்டும் தள்ளிவிடாதீர்கள். 'சாப்பிட்டாயிற்று' என்பதைக் கேள்வியாக்க அது ஒன்றுதான் துணை.

இதையெல்லாம் வெறும் நாகரிக விளையாட்டு என்று நான் ஒதுக்காததற்கு ஒரு நண்பர் காரணம். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். பார்வை போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. கைபேசிதான் அவருக்குக் கடிதங்களைப் படித்துச் சொல்லும். முகம் வந்தால் முகத்தின் பெயரையும் சொல்லும். சென்ற வருஷம் அவருடைய மனைவி காலமானபோது, பழைய மாணவர் ஒருவர் அனுதாபம் எழுதியிருந்தார். சொல்லுக்குச் சொல் நடுவே ஓர் அழுத முகம். இயந்திரம் எந்த உணர்ச்சியும் இல்லாமல், "அம்மா, உரக்க அழும் முகம், கையால், உரக்க அழும் முகம், சாப்பிட்டதை, உரக்க அழும் முகம்" என்று வாசித்துக்கொண்டே போயிற்று. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என்ன செய்வதென்று தெரியவில்லை. நண்பர்தான் பேசினார்.

"பையன் அழுதது நிஜம் ஸார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வாக்கியத்தை முடித்துவிட்டு அழுதிருந்தானானால், அவன் என்ன சொன்னான் என்பதும் எனக்குக் கேட்டிருக்கும்."

இதைவிடத் தெளிவாக எந்த இலக்கண நூலும் சொல்லப்போவதில்லை. நிறுத்தக்குறிகள் எழுதுகிறவனுக்காக ஏற்பட்டவை அல்ல. படிக்கிறவன் எங்கே மூச்சு விடுவது என்று காட்ட ஏற்பட்டவை. முகங்களும் அப்படித்தான் இருக்க வேண்டும். நம் சிரிப்பும் அழுகையும் நம்முடையவை. அவற்றை எங்கே வைத்தால் எதிரில் இருப்பவருக்கு நம் சொல் முழுசாகப் போய்ச் சேரும் என்று ஒரு விநாடி யோசித்துவிட்டு அனுப்பினால் போதும். அந்த ஒரு விநாடிக்குத்தான் பழைய நாளில் மரியாதை என்று பெயர்.