எத்தனையாவது மறுவாழ்வு?

2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்துபோய் சில வாரங்களே ஆகியிருந்தன. போர்ட் பிளேரில் (2024-லிருந்து அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) ஒரு நிவாரண முகாம். மனு எழுதித் தருவது என் வேலை. இந்தியும் ஆங்கிலமும் எழுதத் தெரிந்த தமிழன் என்பது மட்டுமே தகுதி.

எதிரே வந்து உட்கார்ந்த பெரியவர் கச்சால் தீவுக்காரர். பேச்சில் இலங்கை மலையகத்தின் வாசனை. வீடு போய்விட்டது என்றார். "மறுவாழ்வு கோரும் மனுன்னு தலைப்புப் போடுறேன் ஐயா" என்றேன்.

சிரித்தார். "எத்தனையாவதுன்னும் சேர்த்துப் போட்டுருங்க தம்பி."

அவர் சொன்னதில் கணக்குப் பிழை இல்லை. 1964-ன் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி, மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை ஏற்க இந்தியா சம்மதித்தது. 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர் சூட்டப்பட்ட அவர்களில் சில குடும்பங்கள் எழுபதுகளில் கச்சாலின் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்டன. அதற்கும் மறுவாழ்வு என்றுதான் பெயர். தேயிலையை இழந்தவருக்கு ரப்பர். ரப்பரையும் இழந்தவருக்கு?

அன்றிரவு தூக்கம் வரவில்லை. இழந்ததைத் திரும்பப் பெறத் தமிழில்தான் எத்தனை சொற்கள்! கடிகாரத்தைப் பழுதுபார்க்கிறோம். சாலையைச் செப்பனிடுகிறோம். ரேஷன் கார்டைப் புதுப்பிக்கிறோம். கோயிலுக்குப் புனருத்தாரணம், ஊருக்குச் சீரமைப்பு. அடகு வைத்த நகையையும் மீட்கிறோம், கடலில் தத்தளிப்பவரையும் மீட்கிறோம்.

எல்லாச் சொற்களுக்கும் ஒரே நிபந்தனை: ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும். நகை சேட்டின் பெட்டியில் இருந்தால்தான் மீட்க முடியும். நிகோபாரிலோ நிலமே தாழ்ந்துவிட்டது. தெற்குக் கோடியான இந்திரா முனை சுமார் 4 மீட்டர் இறங்கியதில், அங்கிருந்த கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதியைக் கடல் சூழ்ந்துகொண்டது. தண்ணீருக்கடியில் போன தென்னந்தோப்பை எந்தச் சொல்லால் மீட்பது?

செல்லுலர் சிறையைப் பாருங்கள். ஏழு சிறகுகளில் மூன்றே மிச்சம். இடித்த பகுதியில் ஆஸ்பத்திரி நிற்கிறது. அங்கே யாரும் 'மீட்பு' பற்றிப் பேசுவதில்லை, இருப்பதைப் பராமரிக்கிறார்கள். அது நேர்மையான சொல்.

2021-ல் தமிழக அரசு, இலங்கைத் தமிழர் அகதிகள் முகாம்களை 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. 'அகதி' என்ற சொல் ஒழிந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பெரியவரின் சிரிப்பு காதில் கேட்டது. பலகையில் வாழ்வு வந்துவிட்டது. குடியுரிமைக்குக் காத்திருப்பவர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள்.

மறுநாளும் அவர் வந்தார். "என்னதான் எழுதட்டும், நீங்களே சொல்லுங்க" என்றேன்.

"போனதைத் திருப்பித் தாங்கன்னு எழுதாதீங்க. அது அவங்களால ஆகாது. இனிமே யாரும் எழுந்திரிச்சுப் போன்னு சொல்லாத எடமா ஒண்ணு கொடுங்கன்னு எழுதுங்க."

'மறுவாழ்வு' என்று எழுதியிருந்ததை அடித்தேன். 'நிரந்தரமாக வசிக்க இடம் கோரி' என்று எழுதிப் படித்துக் காட்டினேன். இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பிறகு பேனாவை வாங்கி, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.